வந்து போகிறவர்

எங்கள் ஊர் வேதக்கோவிலுக்கு ஒரு கதவு, இரண்டு சன்னல், வாசலில் ஒரு வேப்பமரம். மரத்தில் மணி தொங்கும். மணி என்றால் வெண்கலம் இல்லை, ரயில் தண்டவாளத்தில் அறுத்தெடுத்த ஒரு முழ இரும்பு. அதைத் தட்டுவதற்கு ஒரு போல்ட்டு மரப்பொந்தில் கிடக்கும். அந்தச் சத்தம் செம்மண் தேரி வரைக்கும் போகும். பனையுச்சியில் பாளை சீவிக்கொண்டிருக்கிறவனுக்கும் கேட்கும்.

பதினோரு வீட்டுக்காரர்கள்தான் மொத்தச் சபையும். பதினோரு வீடு சேர்ந்து ஓர் ஊழியருக்குச் சம்பளம் கொடுத்து ஊரோடு வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே மூன்று ஊருக்கு ஓர் உபதேசியார். மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் எங்கள் ஞாயிறு வரும். குருவானவர் வருவது இன்னும் அபூர்வம். அவர் சேகரத்துச் சபைகளையெல்லாம் பார்க்க வேண்டும். திருவிருந்து கொடுக்க, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்று வருஷத்தில் நான்கைந்து தடவை அவர் வருவார். மற்றபடி எங்களுக்குச் சபை என்றால் அந்த உபதேசியார்தான் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது தவறு என்று எனக்குப் புரிய ஒரு சாவு வர வேண்டியிருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகள் ஓடைக்கரையில் போய் நிற்போம். ஓடை என்று பெயர்தானே தவிர, வருஷத்தில் பத்து மாதம் அது வெறும் மணல். சைக்கிள் அதில் ஓடாது, தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். அவர் அக்கரையில் இறங்குவது தெரிந்ததும் நாங்கள் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து தள்ளுவோம். கேரியரில் ஒரு தகரப்பெட்டி கட்டியிருக்கும். அதற்குள் என்ன இருக்கும் என்று எங்களுக்கு மனப்பாடம். துணியில் சுற்றிய வேதப்புத்தகம், பாமாலை, கீர்த்தனைப் புத்தகம், சபைக் கணக்கு நோட்டு, மாற்று வேட்டி, டார்ச் லைட்டு, புண்ணுக்குப் போடுகிற களிம்பு, எழுதாத தபால் கார்டுகள் ஒரு கட்டு.

வந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, கோவிலைத் திறந்து விளக்குமாற்றை எடுப்பது. மூன்று வாரத்து வௌவால் எச்சம், காற்று கொண்டுவந்து கொட்டிய தேரி மணல், கறையான் கட்டிய மண்கோடு எல்லாவற்றையும் அவரே கூட்டி அள்ளுவார். "நாங்க கூட்டமாட்டமா ஐயா?" என்று எங்கள் ஆச்சி கோபித்துக்கொள்வாள். "நீங்க கூட்டுனதுதான் ஆச்சி. இது அதுக்கப்புறம் விழுந்தது" என்பார். ஒரு தடவைகூட அவர் பிரசங்கத்தோடு ஊருக்குள் நுழைந்ததாக எனக்கு நினைவில்லை. விளக்குமாற்றோடுதான் நுழைந்தார்.

கூட்டி முடித்து, கைகால் கழுவி, வீடு வீடாகப் போவார். இதை எங்கள் பக்கம் வீடு சந்திப்பு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைவிட இதுதான் அவருடைய உண்மையான வேலை என்று இப்போது தோன்றுகிறது. திண்ணையில் உட்கார்ந்ததும் வேதப்புத்தகத்தைத் திறக்க மாட்டார். போன தடவை சினையாக இருந்த வெள்ளாடு குட்டி போட்டதா என்று கேட்பார். பெரியவனுக்குக் காய்ச்சல் விட்டதா, கருப்பட்டி வியாபாரி பாக்கியைத் தந்தானா, மருமகள் தாய்வீட்டிலிருந்து திரும்பினாளா என்று கேட்பார். மூன்று வாரத்துக்கு முன்னால் சொன்னதை அவர் மறக்காமல் கேட்கிறபோது வீட்டுக்காரர்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பட்டணத்தில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுத வேண்டியவர்கள் அப்போதுதான் சொல்லச் சொல்ல, அவர் தபால் கார்டில் எழுதிக்கொள்வார். அதிலும் ஒரு பக்குவம் உண்டு. கிழவி ஆத்திரத்தில் சொல்வதை அப்படியே எழுத மாட்டார். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டும்போது அவளே அழுதுவிடுவாள். இதைத்தான் சொல்ல நினைத்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்பாள்.

மூன்று ஊர்ச் செய்தியும் அவர் வழியாகவே போய் வந்தது. அந்த ஊரில் ஒரு பையன் வாத்தியார் படிப்பு முடித்திருக்கிறான், இந்த ஊரில் ஒரு பெண் இருக்கிறாள் என்று அவர் மூலமாகக் கூடிய கல்யாணங்கள் எங்கள் வீட்டிலேயே இரண்டு. பத்துப் பதினோரு குடும்பமாக ஆங்காங்கே சிதறிக் கிடக்கிற மக்களுக்கு, தங்களைப் போல இன்னும் சிலர் ஓடைக்கு அப்பால், தேரிக்கு அப்பால் இருக்கிறார்கள் என்று தெரிவது சின்ன விஷயம் இல்லை. அது தெரியாவிட்டால் சிறுபான்மையாக இருப்பது வெறும் தனிமையாகிவிடும்.

அவருக்குச் சாப்பாடு முறைவைத்துத்தான். சனிக்கிழமை இரவு ஒரு வீடு, ஞாயிறு காலை ஒரு வீடு. அவரவர் உண்பதைத்தான் உண்பார். இதற்கு அப்பால் கைப்பிடி அரிசி என்று ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலையில் அரிசி போடுவதற்கு முன் ஆச்சி ஒரு கைப்பிடி அள்ளித் தனிக்கலயத்தில் போடுவாள். அடுப்படி மூலையில் அந்தக் கலயம் இருக்கும். வாரக் கடைசியில் எல்லார் வீட்டுக் கலயமும் கோவிலுக்கு வந்து சேரும். சேர்ந்த அரிசியை விற்றோ அளந்தோ ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களில் ஆச்சி என்ன செய்கிறாள் என்று நான் உற்றுப் பார்த்திருக்கிறேன். கைப்பிடியை நிறுத்த மாட்டாள். பிடியைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்வாள், அவ்வளவுதான். விரல் இடுக்கில் நாலைந்து அரிசி பானைக்கே திரும்பி உதிரும்.

உபதேசியார் எங்களைத் தாங்குகிறார் என்று ஊர் சொல்லும். அந்தக் கலயத்தைப் பார்த்தால் யார் யாரைத் தாங்கினார்கள் என்று சொல்வது கடினம்.

அந்தத் தகரப்பெட்டிக்கு நீண்ட வம்சம் உண்டு. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். ஜெபம் சொல்லித்தர ஆளில்லாமல் மக்கள் வருஷக்கணக்கில் இருந்தார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்தார். தமிழ் அவருக்கு வராது. அவர் மொழியும் தமிழும் தெரிந்த ஊர்க்காரர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழில் ஆக்கி, அதை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டியபடி தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார் என்பது எல்லாரும் அறிந்த கதை. எனக்கு அந்த மணியைவிட அவர் விட்டுப்போனதுதான் முக்கியமாகப் படுகிறது. ஓர் ஊரைவிட்டு அடுத்த ஊருக்குப் போகுமுன் ஜெபங்களை எழுதி அங்கே வைத்தார். அவற்றைத் தொடர்ந்து சொல்லிக்கொடுக்க ஊர்க்காரர் ஒருவரைக் கணக்கப்பிள்ளையாக அமர்த்தினார். மூன்று வருஷத்துக்குள் அவர் மலாக்கா போகக் கப்பலேறிவிட்டார். கரையில் இருந்தவர்கள் கணக்கப்பிள்ளைகள். சவேரியாருக்கு உலகம் முழுக்கக் கோவில் இருக்கிறது. கணக்கப்பிள்ளைகளின் பெயர்களை யார் அறிவார்கள்?

திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தச் சபைகளின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. தஞ்சாவூரில் இருந்த சுவார்ட்ஸ் ஐயர் 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்து குளோரிந்தா என்ற அம்மையாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார். அந்த அம்மையார் இருந்த இடத்தில் ஒரு சின்னச் சபை கூடிற்று. 1780இல் பதிவேட்டில் நாற்பது பேர். கோவில் கட்டி முடிந்து 1785இல் அதைப் பிரதிஷ்டை செய்ய அவர் மறுபடி வந்தார். அந்தப் பயணத்தில்தான் ஒரு சிறுவனைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடிக்கொண்டிருக்கிற பாட்டுகளை எழுதிய கவிராயர் வேதநாயக சாஸ்திரியார் அந்தச் சிறுவன்தான். இரண்டு வருகை, நடுவே ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் விளக்கை அணையாமல் வைத்தது யார் என்று கேட்டால், ஊரோடு இருந்தவர்கள் என்பதே பதில்.

இதைவிட நீண்ட இடைவெளி ஒன்று வந்தது. தஞ்சாவூரிலிருந்து சத்தியநாதன் என்ற தமிழ்க் குரு வந்தார். தாவீது சுந்தரானந்தம் உபதேசியாராகத் தன் சொந்தச் சீமைக்கே திரும்பி வந்தார். கிறிஸ்தவர்களானதால் துரத்தப்பட்ட மக்கள் குடியேற 1799இல் முதலூர் உண்டாயிற்று. எண்ணிக்கை மளமளவென்று பெருகிய நேரத்தில், அந்தச் சபைகளைச் சுற்றிவந்து ஞானஸ்நானம் கொடுத்த கெரிக்கே ஐயர் 1803இல் காலமானார். ரிங்கல்தௌபே என்ற மிஷனரி சில வருஷம் வந்து பார்த்தார். பிறகு அவரும் மைலாடிப் பக்கம் நிலைகொண்டார். 1816இல் ஜேம்ஸ் ஹஃப் பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்குச் சாப்ளினாக வந்து சேர்கிற வரைக்கும், இந்தச் சபைகளை அருகிலிருந்து மேற்பார்க்க மிஷனரி என்று எவரும் நிலையாக இல்லை. பலர் விழுந்துபோனார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஹஃப் வந்து தேடியபோது, பனங்காட்டு ஊர்களில் ஓலைக்கூரைக்குக் கீழே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. நாட்டு ஐயர்மாரும் உபதேசியார்களும் பெயர் தெரியாத கிழவர் கிழவிகளும் அதை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர் எழுதி வேண்டிய பிறகுதான் 1820இல் மிஷனரியாக இரேனியஸ் ஐயர் வந்தார். அவருக்குப் பின்னால் நடந்ததெல்லாம் பெரிய சரித்திரமாக எழுதப்பட்டிருக்கிறது. அவருக்கு முன்னால் இருந்த அந்தப் பத்துப்பதின்மூன்று வருஷத்து மௌனம் இரண்டு பத்தியில் முடிந்துவிடுகிறது. அந்த மௌனத்தில்தான் எனக்கு ஆசை அதிகம். யாரும் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் என்ன பாடினார்கள்?

இரேனியஸ் அந்த மௌனத்திலிருந்து ஒன்றைக் கற்றிருக்க வேண்டும். அவர் ஊர் ஊராகச் சுற்றினாலும், உபதேசியார்களைத் தயார்செய்து ஊர்களில் வைப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டார். அவர்களுக்காகவே உட்கார்ந்து எழுதினார், அவர்களைத் திரட்டினார், கேள்வி கேட்டுப் பழக்கினார். துன்பப்படுகிறவர்கள் குடியேற நிலம் வாங்க 1830இல் தர்ம சங்கம் ஏற்படுத்தினார். 1838இல் அவர் பாளையங்கோட்டையிலேயே கண்மூடினார்.

ராக்லண்டின் வழி வேறு. கேம்பிரிட்ஜில் கல்லூரி ஃபெலோவாக இருந்தவர், சென்னையில் மிஷனின் செயலாளராக மேசைக்கு முன் உட்கார்ந்திருந்தவர். அந்த மேசையை விட்டுவிட்டு 1854இல் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு தோழர்களோடு வடதிருநெல்வேலிக் கரிசல்காட்டில் கூடாரம் போட்டார். வீடு கிடையாது. ஓர் இடத்தில் சில நாள், பிறகு கூடாரத்தைச் சுருட்டி மாட்டுவண்டியில் ஏற்றி அடுத்த இடம். தெற்கேயிருந்த பழைய சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து அவர்களோடு அனுப்பின. நான்கே வருஷம். 1858 அக்டோபர் 22ஆம் தேதி சிவகாசியில் ரத்தம் கக்கி இறந்துபோனார். வயது நாற்பத்து மூன்று. எண்ணிச் சொல்கிற மாதிரிப் பலனை அவர் அதிகம் கண்ணால் காணவில்லை. ஆனாலும் நான் அவரிடமே திரும்பத் திரும்பப் போகிறேன். தெற்குச் சபைக்காரர்கள் தங்கள் உபதேசியாரை ஒரு மாதம் விட்டுக்கொடுத்துவிட்டு, அந்த மாதம் தாங்களே மணியடித்துக் கூடியிருப்பார்கள் அல்லவா? முந்தின தலைமுறையில் யாராவது வர மாட்டார்களா என்று ஓடைக்கரையில் நின்றவர்களின் பிள்ளைகள், இப்போது ஆளை அனுப்புகிறவர்களாகிவிட்டார்கள்.

வந்து போகிறவரிடம் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அவர் நல்லவராக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். அவர் வந்தால்தான் ஆராதனை, அவர் சொன்னால்தான் ஜெபம், அவர் கை வைத்தால்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் விடும் என்று ஆகிவிடுகிறது. நடுவிலுள்ள நாட்களெல்லாம் காத்திருக்கிற நாட்களாகச் சுருங்கிவிடுகின்றன. அப்படி ஆகிப்போன ஊர்களைப் பார்த்திருக்கிறேன். ஊழியர் மாறியதும் கோவில் பூட்டப்பட்டு, பூட்டில் துரு ஏறி, வாசலில் எருக்கு முளைத்துவிடும். இந்த ஆபத்துக்கு எதிராக யோசித்தவர் பவுல் அப்போஸ்தலர் என்று நினைக்கிறேன். அவரும் ஓர் ஊரில் நிலைத்து நிற்காதவர்தான். தெசலோனிக்கேயில் சில வாரங்கள் இருந்தார், கலகம் எழும்ப இரவோடிரவாக வெளியேற வேண்டி வந்தது. திரும்பிப் போக முடியாத ஏக்கத்தில்தான் கடிதம் எழுதினார். நாம் இன்று வேதம் என்று கையில் வைத்திருப்பதில் ஒரு பெரும் பகுதி, அவர் அங்கே இல்லாமல் போனதால் பிறந்தது. அவர் எல்லா ஊரிலும் இருந்திருந்தால் அந்த ஊர்களுக்கு அவரே போதுமாக இருந்திருப்பார். நமக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அசரியாவையும் இங்கே நினைக்கிறேன். எங்கள் தேரிப்பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் ஓர் உள்ளூர்க் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். 1903இல் இந்திய மிஷனரி சங்கம் பாளையங்கோட்டையில் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர். தமிழ்ச் சபைகளின் காணிக்கைப் பணம், ஆச்சிகளின் கைப்பிடி அரிசி உட்பட, தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்குப் போயிற்று. அசரியா தாமே அங்கே போய்த் தெலுங்கு படித்தார். 1912இல் அந்தப் பகுதிக்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல். மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போவார். பெரும்பாலும் மாலா, மாதிகா மக்களின் சேரிகள், எழுத்தறியாத சபைகள். ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலைமேல் தாங்களே கையை வைத்துக்கொள்ளச் சொல்வார். நான் ஞானஸ்நானம் பெற்றவன், இந்த நற்செய்தியைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்ற கருத்தில் உறுதிமொழி சொல்லவைப்பார். நிலமில்லாத கூலிக்காரன், ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க அனுமதி இல்லாதவன். அவன் வாயில் இப்படி ஒரு பொறுப்பை யாரும் அதுவரை வைத்ததில்லை. பேராயர் வண்டியேறிப் போய்விடுவார். அந்தக் கை அவன் தலையிலேயே இருக்கும், ஏனென்றால் அது அவனுடைய கை.

இவர்களைப் பற்றியெல்லாம் எழுதுகிறார்கள், உபதேசியாரின் மனைவியைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. எங்கள் உபதேசியாரம்மா ஐந்து பிள்ளைகளோடு வேறோர் ஊரில் சபை கொடுத்த ஓட்டுவீட்டில் இருந்தார்கள். வாரத்தில் பாதி நாள் அவர் வெளியூரில் இருப்பார். பிள்ளைக்கு நடுராத்திரி வலிப்பு வந்தால் அவர்கள்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு தடவை அவர்கள் எங்கள் ஊர் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வந்திருந்தார்கள். ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆச்சி எடுத்து அவர்கள் கையில் கொடுத்தாள். அதை அவர்கள் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த வீட்டில் சம்பளம் எத்தனையாம் தேதி வந்தது, வந்ததா என்றெல்லாம் நாங்கள் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

இப்போது எங்கள் ஊரில் ஆறு வீடுதான் சபை. பனையேற்றம் நின்றுபோயிற்று. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். கூடுகிறவர்களில் பாதிக்குமேல் வயதான பெண்கள். ஓடைமேல் பாலம் வந்துவிட்டது. ஊழியக்காரத் தம்பி பைக்கில் வருகிறார். செல்போனில் உலகத்துப் பிரசங்கியார்கள் எல்லாரும் இந்த ஆச்சிகளின் மடிக்கே வந்துவிட்டார்கள். விடியற்காலையில் எந்தத் திண்ணையைக் கடந்தாலும் ஒரு பிரசங்கம் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியிருக்க, ஆறு வீட்டுக்காக ஒருவர் முப்பது கிலோமீட்டர் பெட்ரோல் போட்டு வர வேண்டுமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி போலத்தான் தெரியும். ஆனால் அந்தப் பெரிய பிரசங்கியார்களில் ஒருவரும் எங்கள் ஆச்சிமார் ஜெபம் செய்து கேட்டதில்லை. கேட்கவும் அவர்களால் முடியாது. இந்தத் தம்பி வந்தால், முதல் பாட்டுக்குப் பிறகு, "இன்னைக்கு ஜெபத்தை யார் நடத்துதீங்க?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுகிறார். அவர் எங்கள் பழைய உபதேசியாரைப் பார்த்ததே கிடையாது. எங்கே கற்றாரோ.

அந்தச் சாவைச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயது. ஐப்பசி அடைமழை. சின்னத் தாத்தா ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை போய்விட்டார். உபதேசியாரைக் கூட்டிவர இரண்டு பேர் கிளம்பி, ஒரு மணி நேரத்தில் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார்கள். "ஓடையில கழுத்துக்கு மேல தண்ணி போவுது. அந்தால ஒருத்தரும் வர முடியாது." அன்று முழுக்கக் காத்திருந்தோம். மழை விடவில்லை. உடலை அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஐயா இல்லாமல் எப்படி அடக்கம் செய்வது என்பதே பேச்சாக இருந்தது. சின்னப் பாட்டி அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதாள். ஜெபம் இல்லாமல் மண்ணுக்குள்ள வைக்கப் போறீகளே என்றாள்.

சனிக்கிழமை காலையில் ஆச்சி எழுந்து போய் அந்தத் தண்டவாளத் துண்டைத் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டு, சாவு மணிக்குத் தட்டுவது போலத் தட்டினாள். எல்லாரும் வந்து கூடினார்கள். அவளுக்கு எழுத்து தெரியாது. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்தான். குழிக்கரையில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். நாற்பது ஐம்பது வருஷமாக எத்தனையோ குழிக்கரைகளில் நின்று கேட்டதையெல்லாம் எடுத்துச் சொன்னாள். வரிசை முன்பின்னாக இருந்திருக்கும். நடுவில் சொல் வராமல் நின்றாள். அப்போது பின்னாலிருந்து யாரோ அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடி நின்றபோது இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். பிறகு யார் சொல்கிறார்கள், யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஆயிற்று. மூன்று பிடி மண் போட்டோம். மழையிலேயே ஒரு கீர்த்தனை பாடினோம். அது எங்கள் முறை ஞாயிற்றுக்கு முந்தின நாள். ஞாயிற்றுக்கிழமையும் அவரால் வர முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடையைக் கடந்து வந்தார். சைக்கிளை அக்கரையில் ஓர் உடைமரத்தில் சாத்தியிருந்தார். வந்தவர் நேரே சின்னப் பாட்டி வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அவர் பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுப்பார், முறையாக எல்லாவற்றையும் வாசிப்பார் என்று காத்திருந்தோம். சின்னப் பாட்டியும் அதற்காகத்தான் தடுமாறி நடந்து வந்திருந்தாள்.

"அன்னைக்கு யாரு ஜெபம் நடத்துனது?" என்று கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. குற்றம் செய்துவிட்டது போல ஆச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நாந்தான்யா சொன்னேன். நீங்க சொல்லுததக் கேட்டுக் கேட்டு வந்ததுதான். பிழை இருந்தா பொறுத்துக்கிடுங்க."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க ஆச்சி. அன்னைக்கு நான் இல்லையே" என்றார்.

ஆச்சி சொன்னாள். இந்தத் தடவை தடங்கவில்லை. அவர் எங்களோடு வரிசையில், சின்னப் பாட்டிக்குப் பக்கத்தில், கைகட்டிக் கண்மூடி நின்றார். முடிவில் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னார். புத்தகம் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

சாயங்காலம் அவர் கிளம்பியபோது பெட்டியைச் சுமந்துகொண்டு நானும் ஓடை கடந்து போனேன். அக்கரை ஏறி, ஈர மணலில் பாதி புதைந்திருந்த சைக்கிளை நிமிர்த்தி, கேரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தோம். அப்போது ஊரிலிருந்து தண்டவாளத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. மாலை ஜெபத்துக்கான மணி. தட்டுகிற பாணியிலேயே அது ஆச்சிதான் என்று தெரிந்தது. அவர் கயிற்றை அப்படியே விட்டுவிட்டுத் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பாட்டு இவ்வளவு தூரம் தெளிவாகக் கேட்காது, ஏற்ற இறக்கம் மட்டும்தான் வரும். அவர் அதைக் கண்டுபிடித்து, உதட்டுக்குள் கூடவே பாடினார். ஜெபம் முடிகிற வரைக்கும் அந்த மணலில் நின்றார். பிறகுதான் என் தலையைத் தொட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேரச் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார்.